நாலு பேர் முன்னாடி மாலை மாத்திக்கிட்டா அது கல்யாணமா? ஊர் ஏத்துக்காதத சட்டம் ஏத்துக்கலாமா?

கேட்டிருக்கற கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ஐயர் இல்லாம, ஹோமம் இல்லாம, வக்கீல் ஆபீஸ்லயோ ஃப்ரெண்டோட வீட்டு மாடியிலயோ நாலு பேர் முன்னாடி ஒரு பையனும் பொண்ணும் மாலை மாத்திக்கிட்டா அது சட்டப்படி செல்லுமா, இது ஒண்ணு. இன்னொண்ணு, பெத்தவங்க ஏத்துக்கல, சொந்தபந்தம் ஏத்துக்கல, ஊரே ஏத்துக்கல, அப்பறம் சட்டம் மட்டும் ஏத்துக்கிட்டு என்ன பிரயோஜனம், சட்டம் சமூகத்துக்குப் பின்னால தான போகணும், முன்னால போய் நின்னுக்கிட்டு வா வான்னு கூப்பிடலாமா?

முதல் கேள்விக்கு பதில் ரொம்ப சின்னது. ரெண்டு பேரும் இந்து சட்டத்துக்குள்ள வர்றவங்க, பையனுக்கு 21 பொண்ணுக்கு 18 முடிஞ்சிருச்சு, உயிரோட இருக்கற வேற புருஷனோ பொண்டாட்டியோ கிடையாது, தடை செஞ்ச உறவுமுறையில வரல, கல்யாணம் தமிழ்நாட்டுல நடந்துச்சு. இவ்வளவும் சரியா இருந்தா செல்லும். வக்கீல் ஆபீஸா இருந்தாலும் செல்லும். ஆனா ஏன் செல்லும்ங்கறதுக்குள்ள போனா தான் ரெண்டாவது கேள்விக்கு பதில் கிடைக்கும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நமக்கு சட்டம்னு சொன்னாலே போலீஸ், கேஸ், ஜாமீன், ஜெயில் தான் ஞாபகத்துக்கு வரும். 19ஆம் நூற்றாண்டுல ஜான் ஆஸ்டின்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இதையே ஒரு கோட்பாடா சொன்னாரு, சட்டம்னா மேல இருக்கறவரு போடற கட்டளை, மீறினா தண்டனை, முடிஞ்சுது. ரொம்ப நாள் இது தான் பாடமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1961ல ஹெச்.எல்.ஏ. ஹார்ட் வந்து இத அக்குவேறா ஆணிவேறா பிரிச்சாரு. திருடாதேன்னு ஒரு சட்டம் இருக்கு, உயில் எழுதினா ரெண்டு சாட்சி கையெழுத்து போடணும்னு ஒரு சட்டம் இருக்கு, ரெண்டும் ஒண்ணான்னு கேட்டாரு. சாட்சி இல்லாம உயில் எழுதிட்டீங்கன்னா உங்கள யாரும் பிடிச்சு உள்ள போட மாட்டாங்க, அந்த உயில் செல்லாது, அவ்வளவு தான். அதாவது அந்த சட்டம் உங்கள எதையும் செய்யச் சொல்லி கட்டாயப்படுத்தல, உங்க கையில ஒரு அதிகாரத்தக் கொடுக்குது. இன்ன மாதிரி செஞ்சீங்கன்னா நீங்க செத்த பிறகும் உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கும்னு சொல்லுது. கான்ட்ராக்ட் இப்படித்தான், உயில் இப்படித்தான், கல்யாணமும் இப்படித்தான்.

இத மனசுல வச்சுக்கிட்டா கேள்வியே வேற மாதிரி ஆயிடும். கல்யாணம் பண்ணி வைக்கற அதிகாரம் யாரு கையில இருக்கு? பண்ணிக்கற ரெண்டு பேர் கையிலயா, இல்ல புரோகிதர், பெத்தவங்க, சாதி, ஊர், பதிவாளர் இவங்க கையிலயா? நூறு வருஷமா நம்ம கோர்ட்லயும் சட்டசபையிலயும் நடந்த சண்டை பூரா இது தான்னு நான் நினைக்கறேன்.

வெள்ளைக்காரன் காலத்துல இந்து கல்யாணம் எப்படி நடக்கணும்னு முழுசா தொகுத்து எழுதின சட்டம்னு ஒண்ணும் கிடையாது, சாஸ்திரம் இருந்துச்சு, வழக்கம் இருந்துச்சு. ரெண்டும் மோதினா எது ஜெயிக்கும்? அதுக்கு பதில் நம்ம ஊர் கேஸ்ல தான் வந்துச்சு. ராமநாதபுரம் ஜமீன்ல விதவை ராணி தத்து எடுத்தது செல்லுமான்னு அப்போ நம்ம நாட்டுக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன வழக்கு, 1868ல தீர்ப்பு. வழக்கம் தெளிவா நிரூபிக்கப்பட்டா அது எழுதி வச்ச சாஸ்திரத்தையே மிஞ்சும்னு சொன்னாங்க. கேக்க ரொம்ப தாராளமா இருக்கும். ஆனா வழக்கம்னு ஏத்துக்கணும்னா அது பழசா இருக்கணும், இடையில விட்டுப்போகாம ஒரே மாதிரி நடந்து வந்திருக்கணும். அப்ப சாஸ்திரத்துல இருந்து தப்பிச்சா தாத்தா முப்பாட்டன் கிட்ட மாட்டிப்போம். இன்னைக்கு உயிரோட இருக்கற ரெண்டு பேர் யோசிச்சு முடிவு பண்ணி புதுசா ஒண்ணு செய்யறதுக்கு அங்க இடமே இல்ல.

இதுல போய் முட்டினது தான் சுயமரியாதைத் திருமணம். 1928ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல பெரியார் தலைமையில நடந்தத முதல் சுயமரியாதைத் திருமணம்னு சொல்வாங்க. அதுக்கப்பறம் ஆயிரக்கணக்கானவங்க அப்படிப் பண்ணிக்கிட்டாங்க. புரோகிதர் கிடையாது, மந்திரம் கிடையாது, உன்ன வாழ்க்கைத்துணையா ஏத்துக்கறேன்னு ரெண்டு பேரும் வாயால சொல்வாங்க, மாலை மாத்திப்பாங்க. பழைய வழக்கத்த விடணும்னு தான் அப்படிப் பண்ணாங்க, அவங்க கிட்ட போய் உங்க வழக்கம் பழசான்னு கேட்டா என்ன சொல்வாங்க? 1950கள்ல சென்னை ஹைகோர்ட்டுக்கு தெய்வானை ஆச்சி வழக்குன்னு சட்டப் புத்தகங்கள்ல சொல்லப்படற கேஸ் வந்துச்சு. சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு தீர்ப்பு. காரணம், சாஸ்திரத்துல சொன்ன சடங்கும் இல்ல, இது தொன்மையான வழக்கமும் இல்ல, ஒரு கூட்டம் தன் இஷ்டத்துக்கு புதுசா ஒரு வழக்கத்த உருவாக்கிக்க முடியாது.

இது ஏதோ புத்தகத்துல இருக்கற வாதம்னு நினைக்காதீங்க. இருபது வருஷம் ஒரே வீட்டுல குடும்பம் நடத்தின பொம்பளைக்கு மனைவிங்கற அந்தஸ்து இல்லன்னு ஆயிடுது. புருஷன் போயிட்டா மறுநாளே பங்காளிங்க வந்து நீ யாருன்னு கேக்கலாம், பிள்ளைங்க முறையா பொறந்த பிள்ளைங்க இல்லன்னு கோர்ட்ல நின்னு சொல்லலாம், சொத்துல பங்கு கிடையாதுன்னு சொல்லலாம். 1955ல இந்து திருமணச் சட்டம் வந்துச்சே, அதாவது இத சரி பண்ணுச்சான்னு பாத்தா இல்ல. அதோட 7ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரெண்டு தரப்புல யாராவது ஒருத்தரோட வழக்கமான சடங்குப்படி கல்யாணம் நடக்கணும், சப்தபதி, அதாவது மாப்பிள்ளையும் பொண்ணும் அக்கினி முன்னாடி ஏழு அடி நடக்கறது, அது உள்ள சடங்கா இருந்தா ஏழாவது அடி எடுத்து வச்சதும் கல்யாணம் முழுமையாகும். திரும்பவும் வழக்கம், திரும்பவும் சடங்கு.

இங்க கொஞ்சம் நிறுத்தி நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விய எடுத்துக்கலாம். சட்டம் சமூகத்துக்குப் பின்னால தான் போகணும்னு நீங்க சொல்றது புதுசு இல்ல, பெரிய ஆளுங்க சொன்னது. 1814ல ஜெர்மனில சாவினின்னு ஒரு சட்ட அறிஞர், சட்டம் ஒரு மக்களோட மொழி மாதிரி அவங்களுக்குள்ள இருந்து தானா வளரணும், யாரோ உக்காந்து எழுதி மேல இருந்து திணிக்கக் கூடாதுன்னு வாதாடினாரு. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம ஊர்ல இத அப்படியே பொருத்தும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன்: 'மக்கள்'னா யாரு? மாலை மாத்திக்கிட்டு நின்ன அந்த ஆயிரக்கணக்கான ஜோடிங்களும் மக்கள் தான? அவங்களுக்குள்ள இருந்து தான அந்த கல்யாண முறை முளைச்சு வந்துச்சு? அப்ப 1950கள்ல ஹைகோர்ட் காப்பாத்தினது மக்களோட வழக்கத்தயா இல்ல மக்கள்ல ஒரு பகுதியோட வழக்கத்தயா? சமூகம்னு ஒரே ஆளா பேசறோம், ஆனா அதுக்குள்ள பேசறவன் ஒருத்தன், வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு உத்தரவு போடப்பட்டவன் இன்னொருத்தன்.

இங்கிலாந்துலயும் இதே சண்டை நடந்துச்சு. 1957ல வுல்ஃபெண்டன் கமிட்டி, வயசு வந்த ரெண்டு ஆண்கள் சம்மதத்தோட தனிமையில வச்சுக்கற உறவ குற்றம்னு சொல்லக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. டெவ்லின் பிரபுன்னு ஒரு நீதிபதி, பொதுவான ஒழுக்கம் தான் ஒரு சமூகத்த கட்டி வச்சிருக்கு, அத விட்டா சமூகமே சிதறிடும்னாரு. ஹார்ட் அதுக்கு எதிரா நின்னாரு, பெரும்பாலானவங்களுக்கு அருவருப்பா இருக்குங்கறது ஒருத்தரோட சுதந்திரத்தப் பறிக்க காரணம் ஆகாதுன்னு. கடைசில 1967ல அங்க சட்டம் மாறுச்சு.

அதே 1967ல தான் இங்க அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவ சேத்தாங்க. கல்யாணம் பொதுப் பட்டியல்ல, அதாவது மத்திய அரசு மாநில அரசு ரெண்டும் சட்டம் போடக்கூடிய பட்டியல்ல, இருக்கற விஷயம், மத்திய சட்டத்தோட மோதற மாதிரி மாநிலம் திருத்தம் போட்டா குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணும், அது கிடைச்சு 1968 ஜனவரில நடைமுறைக்கு வந்துச்சு. இந்தப் பிரிவ ஒரு தடவையாவது முழுசா படிச்சுப் பாக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், அவ்வளவு எளிமை. உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேற யாராவது முன்னிலையில, ரெண்டு பேரும் அவங்களுக்குப் புரியற ஏதாவது ஒரு மொழியில இவர என் கணவரா, இவள என் மனைவியா ஏத்துக்கறேன்னு சொல்லணும், அல்லது மாலை மாத்திக்கணும் இல்ல மோதிரம் போட்டுக்கணும், அல்லது தாலி கட்டணும். இதுல ஏதாவது ஒண்ணு போதும். தாலியே இல்லாம கூட செல்லும். அதோட நிக்கல, சட்டம் வர்றதுக்கு முன்னாடி இந்த முறையில நடந்த கல்யாணமும் செல்லும்னு பின்தேதியிட்டு சொன்னாங்க, அதுல பொறந்த பிள்ளைங்களும் முறையான பிள்ளைங்கன்னு ஆச்சு. நாற்பது வருஷமா மனைவி இல்லன்னு சொல்லப்பட்டவங்க ஒரே நாள்ல மனைவி ஆனாங்க. ஹார்ட் சொன்ன அந்த அதிகாரம் இருக்கே, அது புரோகிதர் கையில இருந்தும் முப்பாட்டன் கையில இருந்தும் எடுக்கப்பட்டு, கல்யாணம் பண்ணிக்கற ரெண்டு பேர் கையில நேரா கொடுக்கப்பட்ட இடம் இது தான்.

இந்த சட்டத்தால காதல் ஜோடிக்கு மட்டும் தான் லாபம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு வழக்கு சொல்றேன். நாகலிங்கம் எதிர் சிவகாமி, 2001 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. 1970ல ஒரு அம்மாவ கல்யாணம் பண்ணினவரு, அந்தக் கல்யாணம் இருக்கும்போதே 1984ல திருத்தணி தேவஸ்தான கல்யாண மண்டபத்துல இன்னொரு பொண்ண கட்டிக்கிட்டாரு. முதல் மனைவி விடல, ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் பண்ணிட்டாருன்னு இருதார வழக்கு போட்டாங்க. அந்த ரெண்டாவது கல்யாணத்த நடத்தி வச்ச புரோகிதரே கோர்ட்ல வந்து சாட்சி சொன்னாரு, மாப்பிள்ளை திருமாங்கல்யம் கட்டினாரு, மூணு தடவை மாலை மாத்திக்கிட்டாங்கன்னு. ஆனா சப்தபதி நடக்கலன்னும் சொன்னாரு. அவ்வளவு தான், கீழ் கோர்ட் அந்த ஆள விட்டுருச்சு. ஏழு அடி நடக்கல, அப்ப ரெண்டாவது கல்யாணமே கல்யாணம் இல்ல, அப்ப இருதாரமும் இல்ல! பத்திரிகை அடிச்சு, மண்டபம் புடிச்சு, தாலி கட்டினவரு, கோர்ட்ல நின்னு நான் கட்டினது தாலியே இல்லன்னு சொல்ற நிலைமை. ஹைகோர்ட் அத மாத்துச்சு, சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. தமிழ்நாட்டுல 7ஏ இருக்கு, தாலி கட்டினதே போதும், கல்யாணம் செல்லும், குற்றமும் நிக்கும்.

இதுக்கு நேர் எதிரா மகாராஷ்டிரால இருந்து வந்த பாவ்ராவ் லோகண்டே கேஸ், 1965. அங்க இந்த மாதிரி பிரிவு கிடையாது, ரெண்டாவது கல்யாணத்துல தேவையான சடங்கு நடந்தது நிரூபிக்கப்படலன்னு அந்த ஆள் தப்பிச்சாரு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சடங்கு கண்டிப்பா வேணும்னு சொல்றது கல்யாணத்தோட புனிதத்தக் காப்பாத்தறதுக்குன்னு சொல்வாங்க, நடைமுறையில அது யாரக் காப்பாத்துச்சு? கைவிட்டுட்டு ஓடினவரத்தான். (இப்ப இருதாரக் குற்றம் ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 82ஆவது பிரிவு, முன்னாடி ஐபிசி 494.)

2024 ஏப்ரல்ல டாலி ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னத வச்சு சிலர் குழப்பிக்கறாங்க. ரெண்டு பைலட்டுங்க, சடங்கு எதுவும் நடக்காமலே ஒரு அமைப்பு கிட்ட சர்டிஃபிகேட் வாங்கி ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க, அது செல்லாதுன்னு தீர்ப்பு. இந்து கல்யாணம் ஒரு புனிதச் சடங்குன்னு நீதிபதிங்க நிறைய எழுதியிருக்காங்க. அது 7ஆவது பிரிவப் பத்தின தீர்ப்பு, 7ஏ பத்தி அங்க கேள்வியே எழல, அதனால தமிழ்நாட்டுல சுயமரியாதைத் திருமணம் செத்துப்போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அதுல இருந்து நம்ம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு உண்டு, ரிஜிஸ்டர் சர்டிஃபிகேட் மட்டும் கல்யாணம் ஆகாது, கல்யாணம் ஒண்ணு நடந்திருக்கணும், சர்டிஃபிகேட் அதுக்கு சான்று தான்.

சரி, வக்கீல் ஆபீஸ் விஷயம். 2014ல சென்னை ஹைகோர்ட்ல ரெண்டு நீதிபதி பெஞ்ச், பாலகிருஷ்ண பாண்டியன் வழக்குல, வக்கீல் சேம்பர்லயும் பார் அசோசியேஷன் ரூம்லயும் ரகசியமா நடக்கறது 7ஏ படி கூட கல்யாணம் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. கல்யாணம்னா நாலு பேர் அறிய நடக்கணும், உலகத்துக்கு அறிவிக்கறது தான் அதோட அர்த்தம்ங்கறது அவங்க வாதம். அவங்க கவலை பொய்யில்ல, கோர்ட் வாசல்லயே காசு வாங்கிட்டு வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் கல்யாண சர்டிஃபிகேட் அடிச்சுக் கொடுத்த கூட்டம் இருந்துச்சு, மைனர் பொண்ணுங்கள ஏமாத்தினதும் நடந்துச்சு. ஆனா அதுக்கு மருந்து என்ன? வயசப் பாரு, சம்மதத்தக் கேளு. அத விட்டுட்டு கூட்டத்தக் கூட்டுன்னு சொன்னா, கூட்டத்துக்குப் பயந்து ஓடி வந்தவங்க எங்க போவாங்க? சட்டத்துல 'நண்பர்கள் அல்லது வேறு நபர்கள்'னு தான் இருக்கு, ஊர் அறியன்னு எங்கயும் இல்ல. சட்டசபை ரெண்டு பேர் கையில கொடுத்தத கோர்ட் எடுத்து மறுபடி ஊர் கையில கொடுத்துருச்சு, எனக்கு அப்படித்தான் பட்டுச்சு, இது மாறினது 2023ல தான், நடுவுல போன அந்த ஒன்பது வருஷம் ரொம்ப மோசமான ஒன்பது வருஷம்.

2023 ஆகஸ்ட் 28ல இளவரசன் வழக்குல சுப்ரீம் கோர்ட், நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார், அந்தப் பார்வை தப்புன்னு சொன்னாங்க. அவங்க சொன்ன காரணம் தான் முக்கியம். குடும்பத்துல எதிர்ப்பு இருக்கலாம், உயிருக்கே பயம் இருக்கலாம், அந்த நிலைமையில ஊரறிய அறிவிச்சா தான் கல்யாணம்னு கட்டாயப்படுத்தினா அவங்க உயிருக்குத் தான் ஆபத்து, பிரிச்சு இழுத்துட்டுப் போறதுக்கும் வழியாகும். வக்கீல்ங்கற பதவியில நின்னு கல்யாணம் பண்ணி வைக்கறது வேற, ஒரு நண்பரா, தெரிஞ்சவரா சாட்சி நிக்கறது வேற, ரெண்டாவதுக்கு தடை இல்ல. தத்துவ வகுப்புல பேசற ஒழுக்கம், சமூகம், சுதந்திரம் எல்லாம் இங்க ஒரு சின்ன நடைமுறைக் கேள்வியா சுருங்கி நிக்குது பாருங்க, யாரு யாரு முன்னாடி மாலை மாத்தணும்னு.

இந்த அதிகாரம் எல்லாருக்கும் போய்ச் சேந்துருச்சான்னா, இல்ல. வேற வேற மதமா இருந்தா 7ஏ கிடையாது, 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத் தான் போகணும். அதுல சடங்கு பிரச்சினை சுத்தமா இல்ல, அதிகாரி முன்னாடி மூணு சாட்சியோட ஒரு வரி சொன்னா போதும், ஆனா அதுக்கு முன்னாடி நோட்டீஸ் போர்டுல பேரு விலாசத்தோட ஒட்டி 30 நாள் காத்திருக்கணும். ஓடி வந்த ஜோடியோட விலாசத்த சர்க்காரே போர்டுல ஒட்டற வேலை இது. 2021 ஜனவரில அலகாபாத் ஹைகோர்ட் இத விருப்பம் இருந்தா மட்டும் வெளியிடுங்கன்னு சொல்லுச்சு, அந்த தீர்ப்பு இங்க கட்டுப்படுத்தாது, வாதமா வேணா வைக்கலாம். இந்த நோட்டீஸ் முறைய எடுத்தே ஆகணும்ங்கறது என்னோட உறுதியான கருத்து.

திருநங்கை விஷயத்துல நல்லது நடந்துச்சு. தூத்துக்குடில ஒரு கோயில்ல 2018ல நடந்த கல்யாணம், பதிவாளர் பதிய மாட்டேன்னுட்டாரு, 2019 ஏப்ரல்ல மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள்னா திருநங்கையும் தான்னு சொல்லி பதியச் சொன்னாரு. ஒரே பாலின ஜோடிங்களுக்கு 2023 அக்டோபர்ல சுப்ரியோ வழக்குல சுப்ரீம் கோர்ட் கதவ சாத்திருச்சு, கல்யாணம் பண்ணிக்கறது அடிப்படை உரிமை இல்ல, பாராளுமன்றம் பாத்துக்கட்டும்னு. 2025 மே மாசம் சென்னை ஹைகோர்ட், பெத்தவங்க வீட்டுல அடைச்சு வச்சிருந்த ஒரு பொண்ணோட வழக்குல, கல்யாணம் மட்டும் தான் குடும்பம் ஆகறதுக்கு வழின்னு இல்ல, தேர்ந்தெடுத்துக்கற குடும்பம்னும் ஒண்ணு உண்டுன்னு சொல்லி அவங்கள அவங்க இஷ்டத்துக்குப் போக விட்டுச்சு. ஆறுதல் தான். ஆனா பேங்க் நாமினி, ஆஸ்பத்திரி கையெழுத்து, வாரிசுரிமை, இது எதுவும் அதுல இருந்து வந்துடாது.

இப்ப நேரா உங்க கேள்விக்கு, ஊர் ஏத்துக்கலன்னா சட்டம் ஏத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்? ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு நடக்கறத ஒரு தடவை பாத்தீங்கன்னா புரியும். பொண்ணக் காணோம்னு அப்பா மனு போட்டிருப்பாரு. போலீஸ் கூட்டிட்டு வந்து நிறுத்தும். அம்மா கும்பிட்டு அழுவாங்க, மாமா சித்தப்பான்னு பத்து பேர் வெராண்டால நிப்பாங்க, பொண்ணு யாரையும் நிமிந்து பாக்காம துப்பட்டா நுனியத் திருகிக்கிட்டே நிக்கும். நல்ல நீதிபதியா இருந்தா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு பொண்ண மட்டும் சேம்பருக்குக் கூப்பிட்டு, யாரும் சொல்லிக் கொடுத்தாங்களாம்மா, பயமா இருக்கா, யாரோட போகணும்னு கேப்பாரு. மேஜர்னா அது சொல்றது தான் உத்தரவு. அந்த வராண்டால சாதி இருக்கு, ஊர் இருக்கு, பாசமும் இருக்கு, மிரட்டலும் இருக்கு, பொண்ணு பக்கம் இருக்கறது சட்டம் ஒண்ணு தான். ஊர் ஏத்துக்கிட்ட கல்யாணத்துக்கு சட்டமே தேவையில்ல, மண்டபமும் பந்தியும் போதும். ஊர் ஏத்துக்காதப்ப வேலை செய்யறதுக்குத் தான் சட்டத்துல அப்படி எழுதி வச்சாங்க.

அதே நேரம், சட்டம் எழுதினதும் எல்லாம் மாறிடும்னும் நான் சொல்ல மாட்டேன். 7ஏ வந்து அரை நூற்றாண்டு தாண்டிருச்சு, சுயமரியாதை முறையில நடக்கற கல்யாணங்கள்ல கூட சொந்த சாதிக்குள்ளயே பாத்துப் பண்றது நிறைய. ஆணவக் கொலை நிக்கல. 2011ல ஆறுமுக சேர்வை வழக்குல கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, 2016ல சென்னை ஹைகோர்ட் மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப்பிரிவும் 24 மணி நேர ஹெல்ப்லைனும் வைக்கச் சொல்லுச்சு, 2018ல சக்தி வாஹினி வழக்குல சுப்ரீம் கோர்ட், வயசு வந்த ரெண்டு பேர் சம்மதிச்சா குடும்பத்தோட, சமூகத்தோட சம்மதம் தேவையே இல்லன்னு சொல்லி, பாதுகாப்பு இல்லம் வையி, கடமை தவறின அதிகாரி மேல நடவடிக்கை எடுன்னு விலாவாரியா எழுதினாங்க. 2025 அக்டோபர்ல ஆணவக் கொலைக்கு எதிரா தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை பண்ண ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில தமிழ்நாடு அரசு ஆணையம் அறிவிச்சுச்சு. தனிச்சட்டம் வரணும், எனக்கு அதுல ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா கொலைக்கு அப்பறம் வர்ற தண்டனை ஆஸ்டினோட சட்டம். கொலைக்கு முன்னாடி ஓடி வர்ற ஜோடிக்கு வேண்டியது ஹார்ட்டோட சட்டம், அந்த அதிகாரம் கவுன்ட்டர்ல தடை இல்லாம வேலை செய்யணும். அங்க தான் ஓட்டை. 7ஏ படி நாலு பேர் முன்னாடி ஒரு வாக்கியம் போதும், பதிவு ஆபீஸ்ல போனா கல்யாணப் பத்திரிகை எங்க, கோயில் ரசீது எங்க, அப்பா அம்மா வரலயான்னு கேக்கறாங்க. ஒரு ஆபீஸ்ல கிளர்க் ஒருத்தரு பொண்ணோட ஆதார் நம்பர எழுதிக்கிட்டு உள்ள போனாரு, அரை மணி நேரத்துல பொண்ணோட அண்ணன் வாசல்ல வந்து நிக்கறத நானே பாத்திருக்கேன். சட்டசபை கொடுத்தத ஒரு கிளர்க் திருப்பி எடுத்துக்கலாம்னா அப்பறம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு யாருக்கு?

அதனால இப்படி ஒரு கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா இதச் சொல்லுங்க. வயசுக்கு ஆதார மட்டும் நம்பாதீங்க, பத்தாவது மார்க் ஷீட்டோ பிறப்புச் சான்றிதழோ ஒரிஜினல் கையில இருக்கணும், வீட்டுல மாட்டிக்கிட்டா ஸ்கூல்ல இருந்து டூப்ளிகேட் வாங்க முடியும். ஏத்துக்கறேன்னு ரெண்டு பேரும் சொல்றத முகம் தெரியற மாதிரி வீடியோ எடுங்க, சாட்சியா நிக்கறவங்க பத்து வருஷம் கழிச்சும் கோர்ட்டுக்கு வர்ற ஆளா இருக்கணும், வழியில போனவங்கள நிறுத்தாதீங்க. 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணுங்க, விட்டுட்டா கல்யாணம் செல்லாமப் போகாது, ஆனா நாளைக்கு நிரூபிக்க அலையணும். பையனுக்கு 21 ஆகலன்னா கல்யாணத்துக்கு அவசரப்படாதீங்க, 18 முடிஞ்ச ரெண்டு பேர் கல்யாணம் இல்லாமலே சேந்து வாழலாம்னு 2018ல கேரளா வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பாதுகாப்பு கேட்டு எஸ்பிக்கோ கமிஷனருக்கோ மனு எழுதி ரிஜிஸ்டர் போஸ்ட்லயும் மெயில்லயும் அனுப்பி காப்பி வச்சுக்கோங்க, பின்னாடி ஹைகோர்ட் போனா முதல்ல அதத்தான் கேப்பாங்க. முக்கியமா, போலீஸ் ஸ்டேஷன்ல பெரியவங்க உக்காந்து சமாதானம் பேசறோம்னு எழுதி நீட்டற எந்தப் பேப்பர்லயும் பொண்ணு கையெழுத்து போட வேண்டாம், நான் மாஜிஸ்ட்ரேட் கிட்ட மட்டும் தான் பேசுவேன்னு சொல்லச் சொல்லுங்க, எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லச் சொல்லுங்க.